வியாழக்கிழமை, மோட்டார் கொட்டகை

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அந்த நாலு பேரும் குடித்துவிட்டு வம்பு செய்து கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என் விஷயத்தில் அப்படித்தான் அமைந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமனார் ஆசீர்வாதம் இந்தக் கதையைக் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் "ஒரு புதன்கிழமை சாயங்காலம்..." என்றுதான் ஆரம்பிக்கிறார். அது வியாழக்கிழமை. எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் எந்த வருஷம் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது என்று குறித்து வைக்கிற ஆள் நான். (அதனால் என்ன பிரயோஜனம் என்று என் மனைவி கேட்பாள். பிரயோஜனம் இருந்தால் அது உத்தியோகம் ஆகிவிடாதா?) அப்படிப்பட்டவன் தன் சொந்த அவமானத்தின் கிழமையைப் பிறர் மாற்றிச் சொல்வதை எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருப்பது?

அப்போது நான் குத்தாலத்தில் தங்கி முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குடிப்பழக்கத்தால் குற்றத்தில் மாட்டியவர்களுக்குத் தொடர்ந்து ஆலோசனை கொடுத்தால் அவர்கள் மறுபடி குடிக்காமலும், மறுபடி கையை ஓங்காமலும் இருப்பார்களா என்பது என் கேள்வி. முதலில் கிளைச் சிறைக்குப் போய்ப் பேசினேன். வெளியே வந்தவர்களில் நாலு பேர், வாரம் ஒருமுறை ஆலோசனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

முதலாமவர் தங்கராசு. முறைத்தண்ணீர் விடும் நாளில், பக்கத்து வயல்காரர் மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டார் என்று மண்வெட்டிக் காம்பால் அவரை அடித்தவர். போதை தெளிந்த பிறகுதான் தெரிந்தது, மடையைத் திறந்துவிட்டது தங்கராசுவேதான். இரண்டாமவர் செபாஸ்டியன். மினி லாரியைக் கல்யாணப் பந்தலுக்குள் ஓட்டியவர். (அழைப்பிதழ் இருந்ததாம்.) மற்ற இருவரும் அண்ணன் தம்பி. குடித்தால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள், மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை.

இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 'மறுப்புப் பயிற்சி'. பழைய கூட்டாளி வந்து ஊற்றிக் கொடுத்தால் எப்படி வேண்டாம் என்பது? மூன்று படிகள். கண்ணைப் பார்த்து வேண்டாம் என்று சொல். காரணம் சொல்லாதே. சொன்னதும் நகர்ந்து போய்விடு. நான் ஊற்றிக் கொடுக்கும் கூட்டாளியாக நடிப்பேன், அவர்கள் மறுக்க வேண்டும். பயிற்சியைச் சர்ச் ஹாலில், ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சார், கோச்சுக்காதீங்க," என்றார் தங்கராசு. "சர்ச்ல உக்காந்துக்கிட்டு தண்ணி பாட்டிலக் காட்டி வேணுமாங்கறீங்க. தாகம் எடுத்தவன் வேணும்பான், எடுக்காதவன் வேணாம்பான். இதுல என்ன சார் பயிற்சி?"

சரிதானே என்று பட்டது. குடிக்கும் இடத்திலேயே பழக வேண்டும் என்று நானும் படித்திருந்தேன். படித்ததை உடனே செய்து பார்க்கும் வயது. அடுத்த வாரமே பயிற்சி, தங்கராசுவின் பழைய இடமான வயல்வெளி மோட்டார் கொட்டகைக்கு மாறியது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றைப் பலமுறை சோப்புப் போட்டுக் கழுவி, பாலில்லாத டீயை ஊற்றினேன். பிளாஸ்டிக் டம்ளர், மிக்சர், ஊறுகாய் பாக்கெட், விரித்துப் போட்ட செய்தித்தாள் எல்லாம் உண்டு. நானும் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வேன். என் நடிப்பில் எனக்கு ஒரு கர்வம் வர ஆரம்பித்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்த வாரம் புது ஆளுங்க வருவாங்க," என்று அறிவித்தேன். "சொந்தக்காரங்க மாதிரி வருவாங்களோ, போலீஸ் மாதிரி வருவாங்களோ, சொல்ல மாட்டேன். யார் வந்தாலும் நிஜம்னு நெனச்சே நடந்துக்கணும். பயிற்சி முடியற வரைக்கும் ஒருத்தரும் வேஷத்தை விட்டு வெளிய வரக் கூடாது. நானே சொன்னாலும் வரக் கூடாது." கல்லூரி நாடகக் குழுவில் சொல்லி, ஆள் அனுப்ப ஏற்பாடும் செய்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிலுக்குப் போய் வருகிற மாப்பிள்ளை என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவது இடம் திருவிடைமருதூர். பெண் பெயர் கிரேஸ், பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் போதகர் மூலம் போட்டோக்கள் கைமாறி, போனில் ஒருமுறை பேசவும் அனுமதித்தார்கள். சம்பளம், சொந்த வீடு எதையும் அவள் கேட்கவில்லை.

"உங்ககிட்ட வர்றவங்க மறுபடி குடிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"அடுத்த வியாழக்கிழமையும் வாங்கன்னு சொல்லுவேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு இடம் பார்க்கும் எண்ணமே போய்விட்டது. இந்தச் சம்பந்தமும் தட்டிப் போனால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு முற்றியிருந்தேன். அவள் அப்பா கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடித்தவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர். அவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து என்னைப் பற்றி விசாரிப்பார் என்று போதகர் எச்சரித்திருந்தார். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று நானும் மார்தட்டியிருந்தேன்.

சம்பா நாற்று விட்டிருந்த நேரம் அது. புது ஆட்கள் வருவார்கள் என்று நான் அறிவித்திருந்த அதே நாளில், அவரும் அவர் தம்பி ஞானமும் குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னாராம்: "சாமுவேல் சாரா? தங்கமான மனுசன். வியாழக்கெழம ஆனா மோட்டார் கொட்டகைல நம்ம தங்கராசு செட்டோட இருப்பாரு. எந்த மழையா இருந்தாலும் தவற மாட்டாரு." (வியாழக்கிழமை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?)

கொட்டகையில் நான் டம்ளரை நீட்டி, "மாப்ள, ஒடம்பு வலிக்கு ஒரே ஒரு கட்டிங்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். தங்கராசு கண்ணைப் பார்த்து மறுத்துக்கொண்டிருந்தார். அப்போது வரப்பில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக இரண்டு பெரியவர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி வந்தார்கள். நாடகக் குழு அனுப்பிய ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. நரைத்த மீசை அப்படியே அசலாக இருந்தது.

"இங்க சாமுவேல்ங்கறது..." என்றார் மூத்தவர்.

"நான்தான் மாமா! வாங்க வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. உக்காருங்க, ஆளுக்கு ஒரு கட்டிங் போடலாம்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி வானத்தைப் பார்த்தார்.

"நீங்க... குடிப்பீங்களா தம்பி?"

"குடிப்பீங்களாவா? இவனுங்களுக்கு ஊத்திக் கொடுக்கறதே நான்தான் மாமா."

"கல்யாணம் பண்ணிக்கற எண்ணம் இருக்குதா?"

"அதுக்கென்ன, பண்ணிக்கலாம். மாமனார் வீட்டு பீரோல எப்பவும் ஒரு புல் பாட்டில் இருக்கணும். அது ஒண்ணுதான் நம்ம கண்டிஷன்!"

(இந்த வசனம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. சொன்னதும் மிக்சரை அண்ணாந்து வாயில் கொட்டிக்கொண்டேன். அதுவும் நானாகச் சேர்த்ததுதான்.)

அவர் தங்கராசுவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவரு உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"ஜெயில்ல பழக்கங்கய்யா," என்றார் தங்கராசு. அது உண்மை. அதற்கு மேல் சொன்னதெல்லாம் நடிப்பு. "எங்களக் கெடுத்ததே இவருதான். வாராவாரம் வந்து ஊத்தறாரு. வேணாம் வேணாம்னு கெஞ்சறோம், விட மாட்டேங்கறாரு."

"எங்க ரெண்டு பேருக்கும் சண்ட மூட்டி விட்டதும் இவருதாங்க," என்றார் அண்ணன்காரர். தம்பிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நன்றாக நடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"நான் திருவிடைமருதூர் ஆசீர்வாதம். கிரேஸோட அப்பா," என்றார் பெரியவர்.

"பிரமாதம் சார்! பேரு முதற்கொண்டு எப்படி விசாரிச்சீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டுடியோவில் கோட் போட்டுக்கொண்டு எடுத்த என் போட்டோ. அது போன இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

தலைத்துண்டை உருவினேன். "மாமா, ஐயோ, சார்... இது ஆராய்ச்சி. இது சாராயம் இல்ல. வெறும் டீ."

"எல்லாரும் அப்படித்தாங்கய்யா ஆரம்பிப்பாங்க," என்றார் தங்கராசு.

"தங்கராசு, போதும்! பயிற்சி முடிஞ்சிருச்சு. வேஷத்தை விட்டு வெளிய வாங்க!"

அவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். 'நீங்களே சொன்னாலும் வர மாட்டேன்' என்று அந்தப் பார்வை சொன்னது.

"நீங்களே மோந்து பாருங்க சார்," என்று டம்ளரை நீட்டினேன். ஆசீர்வாதம் குனிந்து முகர்ந்தார். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பாட்டிலுக்குத் தன் பழைய தொழில் மறக்கவில்லை போலிருக்கிறது. அவர் முகம் அஷ்டகோணலானது.

"அது பாட்டில் வாசனை. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மாமா, உண்மை தெரியும்!"

தங்கராசு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். "ஐயா, பயப்படாதீங்க. நேரா கண்ணப் பாத்து வேணாம்னு சொல்லுங்க. காரணம் சொல்லாதீங்க, சொன்னா பேச்ச வளத்துவாரு. சொல்லிட்டு நடையக் கட்டுங்க."

ஆசீர்வாதம் என் கண்ணைப் பார்த்தார்.

"வேண்டாம்."

திரும்பி நடந்தார். நாலு பேரும் கைதட்டினார்கள். செபாஸ்டியன் விசிலடித்தார். வரப்பில் அந்த இரண்டு வெள்ளை வேட்டிகளும் சிறிதாகிக்கொண்டே போயின.

நாடகக் குழு ஆட்கள் அன்று வரவே இல்லை. வந்தவர் யார் என்று நான் சொன்னேன். தங்கராசு விரித்திருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். "எங்களால உங்க கல்யாணம் கெட்டுச்சுன்னா, எனக்கு நெசமாவே குடிக்கத் தோணும் சார்," என்றார். அந்தப் பயிற்சிக் காலம் முழுக்க அவர் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான். என் கவலையோடு அதுவும் சேர்ந்து அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போதகர் பேசிப் பார்த்தார். மாப்பிள்ளை கையாலேயே டம்ளர் நீட்டிய பிறகு பேச என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டாராம் ஆசீர்வாதம்.

ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரியாமல், நாலு பேரும் திருவிடைமருதூருக்குப் போயிருக்கிறார்கள். (பஸ்ஸில். செபாஸ்டியனின் லைசென்ஸ் அப்போது கோர்ட்டில் இருந்தது.) அங்கே நடந்ததைக் கிரேஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்த ஆசீர்வாதம், சலவைச் சட்டையில் நின்ற நாலு பேரையும் பார்த்துக் கதவைச் சாத்தப் போனார். "ஐயா, அன்னிக்கு நடந்தது நாடகங்க. ஒரு தடவ மொதல்லேருந்து நடிச்சுக் காட்டறோம், அப்புறம் அடிச்சுத் தொரத்துங்க," என்று தங்கராசு கும்பிட்டார். எல்லாம் சரி, சாராக யார் நடிப்பது? அண்ணனும் தம்பியும் அதற்கு அங்கேயே சண்டை பிடித்தார்கள்.

"நான் சாரா நடிக்கறேன்," என்று உள்ளேயிருந்து எலுமிச்சம்பழ ஜூஸ் டம்ளரோடு வந்தாள் கிரேஸ். தங்கராசுவுக்கு எதிரே நின்றாள். "அண்ணே, நம்ம வீடு தேடி வந்திருக்கீங்க. தங்கச்சி கையால கொடுக்கறேன், வேணாம்னா சொல்லுவீங்க? ஒரே ஒரு வாய். எனக்காக."

தங்கராசுவின் கை பாதி தூரம் போய்விட்டது. பிறகு அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவள் கண்ணைப் பார்த்து "வேணாம் தாயி" என்றாராம். "சாரு ஒண்ணுமில்லீங்கய்யா, இந்தப் பாப்பாதான் டேஞ்சரு," என்றார் பெரியவரிடம்.

ஆசீர்வாதம் கேட்டார், "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"மடைச் சண்ட அன்னிக்குங்க. அதுக்கப்புறம் சாரு ஊத்திக்கிட்டேதான் இருக்காரு, நான் வேணாங்கறேன்."

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு மகள் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தானே தங்கராசுவிடம் நீட்டினார். "இது நெசமாவே ஜூஸ்தான். குடிங்க."

தங்கராசு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

கல்யாணத்தில் அந்த நாலு பேரும் என் பக்கத்துச் சொந்தக்காரர்களாக முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சமையலுக்கு அரிசி மூட்டை தங்கராசுவின் வயலிலிருந்து வந்தது. என் ஆராய்ச்சி நூலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: 'பயிற்சியில் எதிர்பாராமல் கலந்துகொண்ட முதியவர் ஒருவர், எந்த முன்பயிற்சியும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே மூன்று படிகளையும் சரியாகச் செய்தார்.' மாமனார் அந்தப் பக்கத்தில் ஒரு மயிலிறகை வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கு மோர் கொடுத்தாலும் காபி கொடுத்தாலும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். குழந்தைகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது கதை மறுபடி ஆரம்பமானது.

"ஒரு புதன்கிழமை சாயங்காலம்..."

"வியாழக்கிழமை மாமா," என்றேன். "டீக்கடைக்காரர் சாட்சி. தங்கராசு அண்ணன் இதோ உட்கார்ந்திருக்கார், கேளுங்க. இனிமேலாவது திருத்திக்கங்க."

மாமனார் நிறுத்தினார். என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் போய்விட்டார்.

தங்கராசு கைதட்டினார்.