மாமனார் ஆகாமல் போனவர் கையில் என் கடிகாரம்

பொய் சொல்லக் கிளம்புகிறவன் முதலில் தன் உடம்பில் என்னென்ன கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லெம்பா பெர்த்தாமில் ஒரு கீரைத் தோட்டக்காரர் வீட்டு சோபாவில், அம்மாவையும் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானாகவே கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சரிவில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொண்டுவந்து போடுவார்கள். நான் அதைத் தராசில் மாட்டி, எடையை எழுதி, லோரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். (மழை பெய்தாலும் இதே வேலைதான். கூடவே நனையவும் வேண்டும்.)

அப்படி ஒரு மழைநாளில் என் போன் சட்டைப் பையிலிருந்து நழுவித் தராசின் இரும்புக் கால்மேல் விழுந்தது. உயிர் போகவில்லை. கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை மாதிரி விரிசல். வலது பக்கக் கீழ் மூலையில் விரலை வைத்தால் போன் தனக்குத் தோன்றியதைச் செய்யும். புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். என்னிடம் இருந்த சேமிப்புக்கு ஒரு நல்ல போன் வாங்கலாம், இல்லாவிட்டால் ஒரு நல்ல ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாம்.

நான் வாட்ச் வாங்கினேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன காரணம் நியாயமானது. என் வேலையில் இரண்டு கையும் ஈரம், போன் மழைக்கோட்டுக்குள் கிடக்கும், வாட்ச் என்றால் மணிக்கட்டைப் பார்த்தால் போதும். உண்மைக் காரணம் தோட்டத்துக்கு உதவி மேனேஜராகப் புதிதாக வந்திருந்த சின்ன துரை. அவர் கையில் கறுப்பாக ஒரு வாட்ச் இருந்தது. யாராவது அழைத்தால் மணிக்கட்டை லேசாகத் திருப்பிப் பார்ப்பார், பிறகு கையைக் கீழே விட்டுவிடுவார். உலகத்தைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது போன்ற பார்வை அது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பார்வைதான். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன்.

என் அக்கா கமலா மட்டும் வாங்கும் முன்பே சொன்னாள். "போன்தான் மாடு லா தம்பி. வாட்ச் அது கழுத்துல கட்டுற மணி. மாட்ட விட்டுட்டு யாராவது மணி வாங்குவானா?"

"உனக்குத் தெக்னோலஜி புரியாதுக்கா" என்றேன். (எனக்கும் புரிந்திருக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?)

வாங்கிய பிறகு நான் ஒரு மதப் பிரசாரகன் ஆனேன். தோட்டத்து லயத்து வீடுகளில், கோயிலில், ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில், எங்கே யார் போனை எடுத்தாலும் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "இன்னுமா இதையெல்லாம் தூக்கிட்டு அலையிறீங்க? நான் போனையே விட்டுட்டேன்" என்பேன். விரிசல் விட்ட போன் சட்டையின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டி, வாட்சுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில்தான் லெம்பா பெர்த்தாம் சம்பந்தம் வந்தது. பெண் பெயர் தனலெட்சுமி, பூக்களைப் பெட்டியில் அடுக்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் இடத்தில் சூப்பர்வைசர். அப்பா முனியாண்டி சொந்தமாகக் கீரைத் தோட்டம் வைத்திருப்பவர். பேச்சைக் கொண்டுவந்த உறவுக்காரர் என்னைப் பற்றி "எஸ்டேட்ல மேனேஜ்மெண்ட் பக்கம்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. தராசும் ஒருவகையில் மேனேஜ்மெண்ட்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். நான், அம்மா, அக்கா, கார் ஓட்டியவர் அக்காவின் கணவர் ராஜன் மச்சான். வீட்டுக்குப் போகும் சந்து முழுக்கச் சேறு. முனியாண்டி பெரிய ரோட்டுக்கே வந்து எங்களை அழைத்துப் போனார். கட்டையான மனிதர், அகலமான மீசை. காரை சந்துக்குள் விட முடியாது என்பதால் மச்சான் ரோட்டோரத்தில் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் எங்களோடு உள்ளே வந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

உள்ளே கேசரி வந்தது, கோப்பி வந்தது. முனியாண்டி என் எதிரே உட்கார்ந்தார்.

"தோட்டத்துல என்ன வேல தம்பி?"

"மேனேஜ்மெண்ட் லா அங்கிள்" என்றேன். சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவர் மேசையில் போன் இருந்தது. சேறு படாமல் இருக்க, கீரை கட்டும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். என் பிரசங்க புத்தி விழித்துக்கொண்டது.

"இதெல்லாம் பழசு அங்கிள். நான் போன் வச்சிக்கிறதே இல்ல. வாட்ச் மட்டும்தான்."

"அப்படியா? எனக்கு இலையில பூச்சி விழுந்தா படம் எடுத்து மருந்துக் கடைக்கு அனுப்பணும். இதுல படம் எடுக்குமா?"

"எடுக்காது. ஆனா நெஞ்சுத் துடிப்பு காட்டும்."

"பூச்சிக்கா?"

அக்கா இருமினாள். நான் விடவில்லை. எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் எல்லாம் காட்டும் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க, ஒரு தடவ கட்டிப் பாக்கலாமா?" என்று கையை நீட்டினார்.

நானே கழற்றி, நானே என் கையால் அவர் கையில் கட்டினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளை கங்கணம் கட்டியது மலையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"எழுவத்தாறு காட்டுது" என்றார்.

"அது உங்க நெஞ்சுத் துடிப்பு. ரொம்ப நல்லா இருக்கு."

அப்போது வாட்ச் அதிர்ந்தது. அவர் கையை நீட்டிப் பிடித்தார், பிறகு கண்ணருகே கொண்டுபோனார். "ஏதோ எழுத்து வருது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தனம், இங்க வந்து இத படி."

இப்படித்தான் நான் தனலெட்சுமியை முதன்முதலாகப் பார்த்தேன். தட்டு இல்லை, குனிந்த தலை இல்லை. நேராக வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"மச்சான்னு ஒருத்தர் அனுப்பிருக்கார்ப்பா."

"என்னவாம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "படிக்கவா?"

"படி லா. அதுக்குத்தானே கூப்புட்டேன்."

"'பொண்ணோட அப்பா மீசைய பாத்தீங்களா. சாக்கடை கழுவுற பிரஷ் மாதிரி இருக்கு.'"

முனியாண்டியின் இடது கை தானாக எழுந்து மீசையைத் தொட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை, அவர் கேசரியைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். அந்த வாட்சுக்குத் தமிழ் எழுத்து தெரியாது; தமிழில் அனுப்பினால் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும். எங்களில் ஒருவருக்காவது கொஞ்சம் தமிழ்ப்பற்று இருந்திருந்தால் அன்றைக்கு நான் தப்பித்திருப்பேன்.

மறுபடியும் அதிர்ந்தது. இது அக்கா கொஞ்சம் முன்னால் அனுப்பியது, மலைக்காட்டு லைனில் ஊர்ந்து இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"'கேசரி கல்லு மாதிரி இருக்கு. பொண்ணு செஞ்சதா இருந்தா யோசிக்கணும்'" என்று படித்தாள் தனலெட்சுமி. பிறகு அதே குரலில், அக்காவைப் பார்த்து, "நான் செய்யல. கடையில வாங்குனது" என்றாள்.

நியாயமாக நான் அந்த நொடியே போனை எடுத்து அணைத்திருக்க வேண்டும். ஆனால் போனே வைத்துக்கொள்வதில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தேன். ஆகவே நெஞ்சுவலிக்காரன் மாதிரி சட்டைப் பையை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சாமர்த்தியக்காரி. கைப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே ஏதோ தட்டினாள். மச்சானுக்குத் தனியாக அனுப்புவதாக நினைத்துக் குழுவிலேயே அனுப்பிவிட்டாள்.

"'ஏங்க, மெசேஜ் அனுப்பாதீங்க. வாட்ச் அந்த ஆளு கையில இருக்கு'" என்று படித்தாள் தனலெட்சுமி.

உடனே மச்சானின் பதில் வந்தது.

"'எந்த ஆளு? பிரஷ்ஷா?'"

முனியாண்டி வாட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நூத்திப் பன்னெண்டு காட்டுது தம்பி" என்றார். "இதுவும் நல்லா இருக்கா?"

நான் எழுந்து, "பாத்ரூம் எங்க அங்கிள்?" என்றேன். வீட்டுக்கு வெளியே, தோட்டத்தின் கடைசியில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு தூரம் போனால் போனுக்கும் வாட்சுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அவர் சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். கதவு அங்கேயே இருந்தது.

உள்ளே போய்த் தாழ் போட்டுவிட்டு போனை எடுத்தேன். வாட்சைத் துண்டிக்கும் பட்டன் அந்தப் பாழாய்ப்போன வலது மூலையில் இருந்தது. அழுத்தினேன். போன் அதற்குப் பக்கத்தில் இருந்த 'வாட்சைத் தேடு' பட்டனை எடுத்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முனியாண்டியின் கையில் வாட்ச் உச்சக் குரலில் கூவ ஆரம்பித்தது. வீட்டு நாய் குரைத்தது. அவர் "இத எப்படி நிப்பாட்டுறது?" என்று கேட்பதும், அம்மா "சாமிய கும்பிட்டுக்கங்க" என்று யோசனை சொல்வதும் தெளிவாகக் கேட்டன.

பதற்றத்தில் போனைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடி வந்துவிட்டேன். எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள்.

"போன் இருக்குப்பா" என்றாள் தனலெட்சுமி. "அது பக்கத்துல இருந்தாத்தான் இந்த வாட்ச் வேல செய்யும். எங்க வேல எடத்துல ஒருத்தர் வச்சிருக்கார்."

சத்தம் நின்றது. நின்ற கையோடு இன்னொரு செய்தி வந்தது. இந்த முறை யாரும் படிக்கச் சொல்லவில்லை, அவளாகவே படித்தாள். அனுப்பியவர் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி.

"'சிவா, நாளைக்கு காலையில தராசு உன் பொறுப்பு. போன வாரம் மாதிரி கொழுந்த தப்பா நிறுத்துட்டு வந்து நிக்காத.'"

முனியாண்டி வாட்சைக் கழற்றி, சட்டைத் துணியில் ஒருமுறை துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"நீங்க வந்ததுலேர்ந்து உங்கள பத்தி இதுதான் தம்பி நெறைய சொல்லிருக்கு" என்றார்.

செருப்பு மாட்டும்போது தனலெட்சுமி வாசல்வரை வந்தாள். கோபமாகக்கூட இல்லை. "எங்க அப்பா கீரை கட்டுறவரு. நான் பூ அடுக்குறேன். கொழுந்து நிறுக்கிறேன்னு சொல்லிருந்தா நாங்க என்ன சொல்லிருப்போம்?" என்று கேட்டாள். நான் மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன்.

சேற்றுச் சந்து வழியாக நடந்து காருக்கு வந்தோம். மச்சான் சிரித்துக்கொண்டே, "என்ன, பிரஷ் என்ன சொல்லுச்சு?" என்றார். அக்கா கைப்பையால் அவரை ஒரு போடு போட்டாள்.

ரிங்லெட் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். தராசுக்குப் பக்கத்தில் கூடையோடு வரிசையில் நின்றவர். எனக்குக் கிராணி வேலை கிடைத்த அன்று லயத்தில் ஒரு வீடு விடாமல் மிட்டாய் கொடுத்தவர்.

"கிராணின்னு சொல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சின்ன துரையின் பார்வையை அதற்குப் பிறகு நான் பழகவில்லை. அடுத்த மாதம் வாட்சை விற்றுவிட்டு, பெரிய எழுத்து தெரிகிற ஒரு சாதாரண போன் வாங்கினேன். மழைநாளில் கீரை கட்டும் பிளாஸ்டிக் பையில்தான் போட்டு வைக்கிறேன். பை நன்றாகவே வேலை செய்கிறது.

கீரை லோரி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கதையும் போனது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, "இப்ப நெஞ்சுத் துடிப்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். தனலெட்சுமிக்கு அடுத்த வருஷமே நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. எனக்கு மூன்று வருஷம் ஆனது.

ரிங்லெட்டில் காவேரியைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் அம்மா வாசலிலேயே ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு நின்றார். ஆரத்தி என்று நினைத்து நெற்றியைக் காட்டினேன். "போன், வாட்ச் எது இருந்தாலும் இதுல வச்சிட்டு உள்ள வாங்க தம்பி" என்றார். எல்லோரும் வைத்தோம். உள்ளே போய் உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் கொழுந்து நிறுக்கிற கிராணிங்க" என்றேன். "தெரியும்" என்றாள் காவேரி. "மலைக்கே தெரியும்." அவள்தான் இன்று என் மனைவி.

அந்தத் தாம்பாளத்தைப் பார்த்து, காவேரி வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலும் ஒன்று வைத்தார்கள். பிறகு அவர்கள் சம்பந்தி வீட்டில் வைத்தார்கள். போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் தாம்பாளம் வந்தது. இப்போது அதில் வெற்றிலை, ஒரு ரோஜாப்பூ, ஓரத்தில் குங்குமம்கூட வைக்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் போனையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு, "இது என்ன வழக்கம் ஆன்ட்டி? எங்க பக்கம் இல்லையே" என்று கேட்டான்.

பக்கத்து லயத்து அத்தை ஒருவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார். "மலையில இது ரொம்ப காலத்து சம்பிரதாயம் தம்பி. எங்க முன்னோருங்க ஏதோ ஒரு காரணமாத்தான் வச்சிருப்பாங்க."

ராஜன் மச்சான் கோப்பியை மூக்கு வழியாக விட்டார். காவேரி என்னைப் பார்த்தாள். முன்னோர் நான், என் போனையும் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.