ஒரு விரல் அகலப் பொய்யும் துபாய் ஷூவும்

நான் இதுவரை சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது ஒரு விரல் அகலம்தான் இருக்கும். அதை வாயால்கூடச் சொல்லவில்லை, விளக்குமாற்றுக் குச்சியால் சொன்னேன். அந்தப் பொய் என்னைப் பதினாறு கிலோமீட்டர் விரட்டி விரட்டி அடித்தது. வனக்காவலர் சீருடை போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதால் இப்போது ஒப்புக்கொள்கிறேன். (இனிமேல் யாரும் வேலையைப் பிடுங்க மாட்டார்கள் என்ற தைரியம்தான், வேறென்ன!)

என் கால் எட்டாம் நம்பர். எங்கள் அரும்பாவூர்ப் பக்கக் கடைகளில் பெண்கள் செருப்பு ஏழோடு நின்றுவிடும். அதற்கு மேல் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜென்ட்ஸ்ல பாக்கலாமாம்மா?" என்பார், கடையே திரும்பிப் பார்க்கிற குரலில். இது போதாதென்று ஆலத்தியூரில் எனக்கு ஒரு மாமா மகன் வேறு. எந்த விசேஷமானாலும் வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலிலிருந்து என்னுடையதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு ஒரு துடுப்பு இருந்தா கொள்ளிடத்தத் தாண்டிரலாம்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும். அதனால் யார் கேட்டாலும் என் கால் ஆறாம் நம்பர்தான் என்று சொல்லி, ஆறாம் நம்பர் செருப்பையே வாங்கி, குதிகால் பின்னால் தொங்கத் தொங்க நடந்து பழகிவிட்டேன். செருப்புக்குப் பின்பக்கம் சுவர் கிடையாது என்பதால் பிழைப்பு ஓடியது.

வனக்காவலர் எழுத்துத் தேர்வில் நான் தேறியதும் அப்பா ஒரே வார்த்தையில் கணக்கை முடித்தார்.

"இதோட மூணு பரிச்ச எழுதிட்ட. இந்த வேல கெடச்சா நீ சொல்ற மாப்பிள்ள. கெடைக்கலன்னா ஆலத்தியூரான்தான். மாமன் வூட்ல வாக்கு குடுத்தாச்சு."

ஆக, என் அரசாங்க வேலைக்கும் அந்தத் துடுப்புக்காரனுக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரு நடைத் தேர்வு. பெண்களுக்குப் பதினாறு கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள்; நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி. "இதெல்லாம் ஒரு தூரமா? பேசிக்கிட்டே போயிட்டு வந்துருவேன்" என்று தெரு முழுக்கப் பீற்றினேன். வரப்பில் வெறுங்காலோடு தினமும் நடந்தும் பார்த்தேன். கல்லூரியில் என்னோடு படித்த பர்வீன்தான் விடவில்லை. லப்பைக்குடிக்காட்டுக்காரி, கண்டிப்பு அதிகம்.

"தார் ரோட்ல வெறுங்காலோட போவியாடி? எங்க அண்ணன் துபாய்லேர்ந்து லீவுல வருது. ஓடுற ஷூ வாங்கியாரச் சொல்றேன். கால் அளவு மட்டும் குடு."

அளவு எடுப்பது எங்கள் வீட்டில் ஒரே முறைதான். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியைப் பாதத்தோடு வைத்து, பெருவிரல் முடிகிற இடத்தில் ஒடிக்க வேண்டும். ஒடித்தேன். கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்கே திக்கென்றது. கால் மாதிரி இல்லை, முழங்கை மாதிரி இருந்தது. இதைப் பர்வீன் ஸ்கேலில் வைத்து அளப்பாள், அவள் அண்ணன் வாட்ஸ்அப்பில் பார்ப்பார், துபாயில் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர்கூடப் பார்ப்பார். அந்தக் கடைக்காரர் முன்னால் எனக்கு ஏன் வெட்கம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு விரல் அகலம் ஒடித்துப் போட்டேன்.

ஷூ வந்தது. கிளிப்பச்சை நிறம், ஆரஞ்சுக் கோடு, பஞ்சு மாதிரி அடிப்பாகம். பர்வீன் வீட்டுக் கூடத்தில் அவளும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் திணித்தேன். உள்ளே பத்து விரல்களும் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"எப்புடி இருக்கு தங்கச்சி?" என்றார் அண்ணன்.

"தச்சு வச்ச மாதிரி இருக்குண்ணா."

"முன்னால கட்டைவிரல் வக்கிற அளவு எடம் இருக்கணும்னு கடைல சொன்னாங்க. ரெண்டு ரவுண்டு நடந்து பாரேன்."

"புதுசுண்ணா! அழுக்காயிரும்" என்று அவசரமாகக் கழற்றிவிட்டேன்.

வீட்டில் அம்மா இரண்டு ஷூவுக்கும் மஞ்சள் தடவி, "பரிச்ச அன்னிக்குத்தான் தொடணும்" என்று பீரோ மேல் ஏற்றினார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. போடப் போட விரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். (ஒரு நாள்கூடப் போடாமல் எப்படி விரியும் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.)

தேர்வு நாள் காலையில் பெரம்பலூரை ஒட்டிய சாலையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எட்டுக் கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். என் ஷூவைப் பார்த்து ஒருத்தி, "ஏய், ஃபாரினா?" என்றாள். நான் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, "துபாய்" என்றேன். அதற்கப்புறம் வெகு நேரத்துக்கு எனக்குச் சந்தோஷம் என்பதே இல்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் சுண்டுவிரல் முனகியது. நான்காவதில் பெருவிரல் நகம் கத்தியது. ஐந்தாவதில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் மாதிரி இருந்த ஓர் அக்கா, ரப்பர் செருப்போடு சாவகாசமாக என்னைத் தாண்டிப் போனார். ஆறாவதில் நான் குதிகாலால் மட்டும் நடந்துகொண்டிருந்தேன். ஏழாவது கிலோமீட்டர் கல்லைப் பார்த்ததும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் முடியப் போகிறது. இன்னும் ஒன்பது கிலோமீட்டர் பாக்கி. கண்ணை மூடினால் ஆலத்தியூரான் மணவறையில் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சாலையோரக் கொல்லையில் மக்காச்சோளத் தட்டை அறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, என்னா ஆச்சு? மயக்கமா?"

"ஷூ சின்னதுக்கா. கடிக்கிது."

"அப்பறம் ஏன் சின்னதா வாங்குன?"

இன்னும் சத்தமாக அழுதேன். அவர் வரப்பைத் தாண்டி வந்தார். கையில் கருக்கரிவாள்.

"கழட்டு."

"அக்கா, வேணாங்க்கா! துபாய் ஷூக்கா!"

"துபாயா இருந்தா என்னா, துறையூரா இருந்தா என்னா? காலு உன்னுதுதான? கழட்டுங்கிறேன்!"

கழற்றினேன். அடிப்பாகத்தைத் தொடாமல், தட்டை அறுக்கிற அதே லாகவத்தில், மேல்துணியின் மூக்கை மட்டும் சரக்சரக்கென்று சீவி எறிந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டுப் பார்த்தேன். பத்து விரலும் வெளியே வந்து காற்று வாங்கின. அடிப்பாகத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தன என்று நினைக்கிறீர்கள்? நான் ஒடித்துப் போட்டேனே, அதே ஒரு விரல் அகலம்.

"இப்ப ஓடு, பாப்போம்" என்றார் அக்கா.

ஓடினேன். ஐயோ, அந்த ஓட்டம்! திரும்பும் இடத்தில் பேர் பதியும்போது வனவர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னம்மா இது?"

"காத்தோட்டத்துக்கு சார்!"

"யாரு வெட்டுனா?"

"வெட்டக் கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்குங்களா சார்?"

அவர் கையிலிருந்த தாளை மேலிருந்து கீழே படித்தார். "ஷூவப் பத்தி ஒண்ணும் போடல. போ, போ, நேரம் ஆவுது."

திரும்பி வருகையில் அரிவாள் அக்கா கொல்லையிலிருந்த எல்லாரையும் சாலைக்கே கூட்டி வந்து நிறுத்தியிருந்தார். "வுடாத! வுடாத!" என்று அவர்கள் கத்திய கத்தலில் ரப்பர் செருப்பு அக்காவைப் பிடித்தேன், தாண்டினேன். பெருவிரல் நகம் ஒன்று போனது. போனால் போகட்டும், மறுபடி முளைக்கும். கோட்டைத் தாண்டியபோது நாலு மணி நேரத்துக்கு இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு நான் குதித்த குதியில், தேர்வு நடத்த வந்தவர்களே கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை.

வேலை கிடைத்தது. மாப்பிள்ளையும் நான் சொன்னவர்தான். பர்வீனிடமும் அண்ணனிடமும் வீடியோ காலில் உண்மையைச் சொன்னபோது அவள் திட்டிய திட்டு போன் இல்லாமலே துபாய்வரை கேட்டிருக்கும். அண்ணன் மட்டும் சிரித்து முடித்து, "வேல கெடச்சுதுல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கல்யாணத்துக்கு அவர் அனுப்பிய பெட்டியை மண்டபத்தில் எல்லார் முன்னாலும் பிரித்தோம். எட்டாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி, மேலே முழுசாக ஓர் ஈர்க்குச்சி, கூடவே ஒரு சீட்டு: "தங்கச்சி, இத ஒடிக்காத." விஷயம் தெரிந்து மண்டபமே சிரித்தது. ஆலத்தியூரானும் வந்திருந்தான், அவனும் சிரித்தான். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், இந்த முறை எதுவும் எரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைக் குறைத்துச் சொன்னாலும் ஒரே வசனம்தான். என் வீட்டுக்காரர் "ரெண்டே ரெண்டு வடைதான் தின்னேன்" என்றால், அம்மா சமையலறையிலிருந்தே, "மாப்ள, குச்சிய ஒடிக்காதீங்க!" என்பார்.

போன வாரம் மூன்றாவது படிக்கிற என் மகளைப் பள்ளி ஓட்டப் பந்தயத்துக்கு ஷூ வாங்க அரியலூருக்குக் கூட்டிப் போனேன். சாயங்காலமாகத்தான் போனேன், நடந்து திரிந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் சரியாக இருக்கும். பந்தயத்துக்குப் போடப் போகிற சாக்ஸும் கையோடு எடுத்துப் போனேன். அவளைக் கடைக்குள் நாலு சுற்று ஓடவிட்டு, ஷூ முனையை அழுத்திக் கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். "எடம் இருக்காடி?"

"இருக்கும்மா" என்றாள் அவள், ரோஸ் நிற ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அவளை உற்றுப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டுக் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணா, இதவிட ரெண்டு சைஸ் பெருசா குடுங்க. எனக்கு எங்கம்மா காலு."

கடையே திரும்பிப் பார்த்தது. நான் என் எட்டாம் நம்பர் காலை நன்றாக முன்னால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.