சாய்வு சார்

உட்கார்ந்த இடத்திலிருந்தே விபத்து உண்டாக்கத் தெரிந்தவர் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான். எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக்கொடுத்த அந்தக் கோட்டை அக்ரஹாரத்துக்காரரை, அவர் இல்லாதபோது நாங்கள் 'சாய்வு சார்' என்போம்.

ஆபீஸ் கிழக்கேகோட்டையில். முதலாளி மகன் சலித்துப்போய் விட்டுச்சென்ற வீடியோ கேம் ஒன்று சாப்பாட்டு அறையில் கிடந்தது. டிபன் பாக்ஸை மூடியதும் சார் கன்ட்ரோலரை எடுப்பார். கார் பந்தயம். அதில் கட்டைவிரலுக்கு மட்டும்தான் வேலை. சாருக்கோ மொத்த உடம்பும் வண்டி ஓட்டும். திரையில் கார் இடப்பக்கம் திரும்பினால் இவரும் சாய்வார். அங்கே சாப்பிடுகிறவர் மோர்க்குழம்பில் குளிப்பார். பிரேக் போட்டால் செருப்பு பறக்கும். "பாலம்டா ஜெபா, தலையைக் குனி!" என்பார். நானும் குனிந்து தொலைத்திருக்கிறேன்.

ஓணக் கொண்டாட்டத்துக்கு ஆபீஸில் புதுசாக ஒன்று வந்தது. பட்டனே வேண்டாம். கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். "இது சாருக்குன்னே பண்ணினது!" என்று என்னை அவரோடு ஜோடி சேர்த்தார்கள். ஊழியர்கள், குடும்பங்கள், சாரின் மனைவி என்று ஹால் நிறைந்திருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால், உற்சாகமூட்டுவதற்காம், புக்கிங் விபின் ஒரு வீடியோ போட்டான். சார் கார் ஓட்டுவதை ஒளிந்திருந்து மொபைலில் எடுத்தது. ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. சார் வீட்டு மாமியும் சிரித்தாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "ஜெபா, நான் இப்படியா பண்றேன்?"

அவருக்குத் தெரியவே தெரியாது! இத்தனை நாளும் ஆடாமல் அசையாமல் விளையாடுவதாகத்தான் நினைத்திருக்கிறார்.

பந்து வந்தது. சார் லைட் போஸ்ட் மாதிரி நின்றார்.

"வீசுங்க சார்!"

"வெட்கமா இருக்குடா மோனே. பட்டன்னா உடம்பு தானாப் போயிடறது. இதுல நாமளே தெரிஞ்சு ஆட்டணுமே... எல்லாரும் பாக்கறா."

ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை, அவருடைய சிவந்த காதுகளுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் எனக்குக் கூசியது.

அதன்பின் சார் கன்ட்ரோலரைப் பிடித்தால், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பார். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும். முதல் வளைவிலேயே கார் கடலில் விழும். "நமக்கு இவ்வளவுதான்" என்று வைத்துவிடுவார். விபின் வீடியோவை அழித்துவிட்டு வந்து, "க்ஷமிக்கணும் சார்" என்றான். "ஏய், எனக்கென்னடா!" என்றார் சார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள் மதியம் எல்லோரும் எழுந்து போனபின் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் கிளம்பியது. நான் வேண்டுமென்றே வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்தேன்.

"என்னடா நடிக்கறே? அங்க வளைவே இல்லையே!"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அசடு வழிந்தேன். சாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நிஜமான வளைவு வந்துவிட்டது. மொத்த பாரத்தோடு என்மேல் வந்து சரிந்தார்.

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தான் சாய்ந்தது அவருக்குத் தெரிந்துவிடக்கூடாதே!