சாட்சிப் புட்டி

நீதிக்காக மனித குலம் உருவாக்கிய அமைப்புகளில் எங்கள் பெய்ராக் ஊரின் ஒயின் சுவைக் குழுவுக்கு இணையானது எதுவும் இல்லை. பதினாறு ஆண்டுகளாக அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் சொல்கிறேன்.

ஆண்டுக்கு ஒருநாள் கூடுவோம். வரும் புட்டிகளுக்குத் துணியுறை மாட்டி, எண் மட்டும் இடுவேன். ஐவர் சுவைப்போம். தேறிய ஒயின் ஊரின் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். தேறாதது பெயரில்லாச் சிவப்பு ஒயினாகப் பாதி விலைக்குப் போகும். ஒவ்வொருவரும் இரண்டு புட்டி தர வேண்டும். ஒன்று சுவைக்க. மற்றது 'சாட்சி'. அன்று மாலைக்குள் மேல்முறையீடு வந்தால் மறுபடி சுவைப்பதற்காக அதை அலமாரியில் பூட்டி வைப்போம். சாவி என்னிடம்.

இம்முறை எண் நான்கில் சிக்கல் எழுந்தது. கிரெனாஷ், சிரா, கரிஞான் என மூன்று திராட்சையும் கலந்தது. வாயில் வைத்தோம். ஐவரும் மறுபடி ஊற்றிக்கொண்டோம்.

"என்ன குறைன்னு எழுதட்டும்?" என்றேன். படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.

"குறை ஒண்ணும் இல்லப்பா. அதான் இடிக்குது," என்றார் தலைவர் ஃபுல்க்ரான். "நம்ம ஊரு ஒயின் இப்படியா இருக்கும்?"

இருக்காது என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டோம். 'ஊர்த்தன்மை இன்மை' என்று எழுதி முடிவைக் கதவில் ஒட்டினேன். மற்ற பதினொன்றும் தேறின. எண் ஏழு சிறப்பாகத் தேறியது. உறையைக் கழற்றினால், தலைவருடையது. வியந்தோம்.

பிறகு, மரபுப்படி மதிய உணவு. திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட ஆட்டு விலா. சுவைத்து மீந்த புட்டிகள் மேசைக்கு வந்தன. எண் நான்கு முதலில் தீர்ந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். நீதிக்கும் ஆட்டு விலாவுக்கும் நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்?

மூன்று மணிக்கு மேல்முறையீட்டுத் தாளோடு மகலோன் வந்தாள். எண் நான்கு அவளுடையது. தனியாக நின்று எடுத்த முதல் அறுவடை. மேசையில் பதினொரு ஒயின்கள் அப்படியே இருந்தன. இரண்டு புட்டிகள் மட்டும் காலி.

"ரெண்டையும் குடிச்சு முடிச்சிட்டுத்தான் தேறலன்னு ஒட்டினீங்களா, ஃபுல்க்ரான் அண்ணே?"

"ஒட்டிட்டுத்தாம்மா குடிச்சோம். குழுவா குடிக்கிறது வேற, சாப்பாட்டுக்குக் குடிக்கிறது வேற."

"உங்களோடது உங்க கைக்கு எதிர்லயே இருக்கே. அதை ஏன் தொடல?"

தலைவர் யோசித்தார். "அதுல ஊர்த்தன்மை இருக்கும்மா."

காற்று சன்னல் கதவுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் எழுதினேன்: 'மறுசுவைக்குச் சாட்சி இல்லாததால் நிராகரிப்பு உறுதி செய்யப்படுகிறது.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். மடித்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"மகலோன்," என்றார் தலைவர், கனிவாக. "பேர் இல்லாம எப்படியும் பாதி விலைக்குத்தானே கொடுப்ப? எனக்கு நாலு பெட்டி எடுத்து வச்சிரு."

நான் ஆறு சொன்னேன்.