பதினோரு செயலி வாத்தியார்

செயலி வாத்தியார் என்றோர் இனம் நம்மிடையே வேகமாகப் பெருகிவருகிறது. சாதாரண வாத்தியார் இனத்திலிருந்து கிளைத்ததுதான்; கைகால் அமைப்பில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பாடம் நடத்த வேண்டிய ஏற்பாடுகளைச் செய்வதே பாடம் நடத்துவது என்று மனமார நம்புவதுதான் இதன் தனி அடையாளம். குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "நான் பேசுறது கேக்குதா? ஸ்கிரீன் தெரியுதா? தெரியுறவங்க தெரியுதுன்னு போடுங்க, தெரியாதவங்க தெரியலைன்னு போடுங்க." ஏழு மணிக்குத் தொடங்கிய வகுப்பில் இந்தக் கடவுள் வாழ்த்து முடியும்போது மணி ஏழேகால்.

ஆராய்ச்சி வசதிக்காக நம் மாதிரி உயிரினத்துக்குத் தங்கப்பாண்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்வதில் எனக்குச் சில சொந்தச் சங்கடங்கள் உண்டு.

தங்கப்பாண்டிக்கு விளாங்குடியில் வீடு. ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தோரு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறார். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கென்று அங்கே ஒரு தனி வகுப்பு உண்டு. சனிக்கிழமை நேரில், மற்ற நாள்களில் மாலை ஏழு மணிக்குக் கைபேசியில். மொத்தம் இருபத்திரண்டு பேர். காலையில் சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, மதியம் அதை அடுக்கிக் கட்டி, மாலையில் புத்தகத்தோடு உட்காரும் முனீஸ்வரி அதில் ஒருத்தி. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டியபடியே காதில் பாடத்தை வாங்கிக்கொள்ளும் முகமது யாசீன் இன்னொருவன்.

இந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. துறைத்தலைவர் சிவனாண்டி ஒருநாள் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தத் தேர்வுல பாதிப் பேரு தேறலைன்னா பேட்ச்ச மூடச் சொல்லிட்டாங்கய்யா. அப்புறம் படிக்கணும்னா பகல் காலேஜுக்குத்தான் வரணும்."

பகலில் வர முடிந்தவர்கள் ஏன் மாலை ஏழு மணிக்குக் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்காரப் போகிறார்கள்? வகுப்பை மூடினால் அந்த இருபத்திரண்டு பேரின் படிப்பும் அதோடு சரி. தங்கப்பாண்டிக்கு இது நன்றாகவே புரிந்தது. ஆபத்து என்று தெரிந்ததும் ஒவ்வோர் இனமும் ஒவ்வொன்று செய்யும். நத்தை ஓட்டுக்குள் போகும். செயலி வாத்தியார் புதுச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளும்.

அப்படி இறக்கியது பதினொன்று. வருகைக்கு ஒன்று, வினாடிவினாவுக்கு ஒன்று, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, வீட்டுப்பாடம் வந்துவிட்டதென்று அறிவிக்க ஒன்று, இந்த நான்கின் கடவுச்சொற்களையும் பத்திரமாக வைக்க ஒன்று. மீதி ஆறு எதற்கென்று அவரே குறித்துவைத்திருந்தார், குறித்துவைத்த செயலி எதுவென்றுதான் நினைவில்லை. ஒவ்வொன்றிலும் சேர ஒரு க்யூஆர் கட்டக் குறியீட்டை வாட்ஸப்பில் அனுப்புவார், "உங்கள் கைபேசியால் ஸ்கேன் செய்யவும்" என்ற குறிப்போடு. குறியீடு இருப்பதே அந்தக் கைபேசிக்குள்தானே, தன்னைத் தானே அது எப்படி ஸ்கேன் செய்யும் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. முனீஸ்வரி பதினோரு தடவையும் பக்கத்து வீட்டுக்குப் போய் இரவல் போனில் குறியீட்டைக் காட்டித் தன் போனால் படம்பிடித்துக்கொண்டு வந்தாள்.

இன்னொரு நாள், இணைய வசதி இல்லாதவர்களைக் கணக்கெடுக்க ஓர் இணையப் படிவம் அனுப்பினார். நிரப்பிய அத்தனை பேருக்கும் வசதி இருந்தது. நூற்றுக்கு நூறு. அதை வட்ட வரைபடமாக்கி, ஆசிரியர் கூட்டத்தில் வண்ணத்தில் காட்டினார். கை தட்டினார்கள். தட்டியவர்களும் அதே இனம்.

மாணவர்களைச் சிறுசிறு குழுவாகப் பிரித்துத் தனித்தனி அறைக்கு அனுப்பும் வித்தையை முதன்முதலில் செய்தபோது நான்கு அறைகளில் மாணவர்களையும் ஐந்தாவதில் தம்மையும் போட்டுப் பூட்டிக்கொண்டார். பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. வகுப்பு ஆழ்ந்து சிந்திக்கிறது என்று பெருமிதத்தோடு காத்திருந்தார்.

இத்தனைக்கும் நடுவே திட்ட விலக்கம் என்ற பாடம் மட்டும் நடக்காமலே கிடந்தது. தேர்வில் பாதி மதிப்பெண் அதில்தான்.

தேர்வுக்கு முதல் நாள். அன்று எப்படியும் நடத்திவிடுவது என்று ஆறரைக்கே சட்டை மாற்றி உட்கார்ந்தார். ஆறு ஐம்பத்தெட்டுக்கு மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. கைபேசியை எடுத்தார், அது ஓர் இரகசிய எண் கேட்டது, அந்த எண் மடிக்கணினிக்குப் போயிருந்தது. சமையலறைக்கு ஓடினார்.

"கனகா, ஒன் போனக் குடு."

"பால்காரருக்கு மெசேஜ் போட்டுக்கிட்டிருக்கேன். செத்த இருங்க."

"இருவத்திரண்டு பேரு படிப்பு போயிரும்."

"ஒரு மாசமா போகாத படிப்பு இன்னைக்குத்தான் போகுதாக்கும்" என்றபடி மனைவி கனகலட்சுமி கொடுத்தார்.

இதற்குள் வகுப்பு தானாகத் திறந்திருந்தது. அப்படி அமைத்தவர் அவரே. மாணவர்க்குப் பொறுப்பு வேண்டுமென்று வாரம் ஒருவரைத் துணைப் பொறுப்பாளராக்கியிருந்தார். அந்த வாரம் முனீஸ்வரி. முன்பின் தெரியாத பெயரை உடனே உள்ளே விடக்கூடாது என்ற விதியும் அவர் போட்டதுதான். ஆகவே கனகலட்சுமி என்ற பெயரோடு தம் வகுப்பின் வாசலிலேயே எட்டு நிமிடம் நின்றார். பிறகு முனீஸ்வரிக்கு மனம் இரங்கியது. உள்ளே போனதும் "நான்தான் சார்" என்று எழுதப் பார்த்தார். மாணவர்கள் வளவளவென்று எழுதுகிறார்களென்று அரட்டைப் பெட்டியை மூடியவர் யார்? கேட்காதீர்கள். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது.

"கனகலட்சுமியக்கா, மைக்க அமத்துங்க. குழம்பு வாசம் இங்கன வரைக்கும் வருது" என்ற முனீஸ்வரி, தானே அமர்த்தியும் விட்டாள். அமர்த்தப்பட்டவர் தாமாக மைக்கையோ கேமராவையோ திறக்க முடியாதபடி பூட்டிவைத்தவரும் தங்கப்பாண்டியே.

யாசீன் குரல் கேட்டது. "சாரக் காணோம்க்கா. நாளைக்கு ஊத்திக்கிச்சுன்னா பேட்ச்சே இல்ல. நீதான் புத்தகத்த வாசிச்சிருக்கயே, எதயாச்சும் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. அலங்காநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு வருதுன்னு வச்சுக்கங்க. ஒண்ணு தெனமும் பத்து நிமிசம் லேட்டு. இன்னொண்ணு ஒரு நாள் கரெக்டா வரும், ஒரு நாள் இருவது நிமிசம் லேட்டு. சராசரி போட்டா ரெண்டும் பத்துதான். தம்பி, நீ எந்தப் பஸ்ஸ நம்புவ?"

"மொதப் பஸ்ஸுதான். நானும் பத்து நிமிசம் லேட்டாப் போயிருவேன்."

"அம்புட்டுதான். சராசரிய விட்டு எம்புட்டு தள்ளித் தள்ளி ஓடுதுன்னு அளக்குறதுதான் திட்ட விலக்கம். மொதப் பஸ்ஸுக்குச் சைபர். ரெண்டாவதுக்குப் பத்து. இப்ப அந்தப் பத்து எப்படி வந்துச்சுன்னு போட்டுப் பாப்பம்."

தாளில் எழுதி, தாளைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். அவளிடம் வேறு கருவி இல்லை. இருபத்தோரு வருடமாகத் தாம் நடத்திவரும் பாடத்தைத் தங்கப்பாண்டி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். இடையில் ஒரு தடவை, "கனகலட்சுமியக்கா, வெளங்குச்சா?" என்றாள். கட்டைவிரல் படத்தை அமுக்கினார். பொய்யில்லை.

தேர்வில் பதினேழு பேர் தேறினார்கள். சிவனாண்டி மறுபடியும் கூப்பிட்டார்.

"பேட்ச்சு தப்பிச்சுச்சுய்யா. ஆனா பரீட்சைக்கு மொத நாள் வருகைப் பதிவுல வாத்தியார் வரலைன்னு இருக்கு. கனகலட்சுமின்னு ஒரு அம்மா கடைசி வரைக்கும் ஒக்காந்திருக்கு. யாருய்யா அது?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? தங்கப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"மாணவர் தலைமையிலான கற்றல், சார். நான் வேற பேர்ல பார்வையாளரா இருந்தேன். திட்டம் போட்டுத்தான்."

"பொம்பளப் பேர்லயா?"

"அப்பத்தான் சார் புள்ளைக கூச்சமில்லாமப் பேசும்."

சிவனாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நல்ல யோசனையா இருக்கேய்யா. மத்த வாத்தியாருகளுக்கும் ஒரு பயிலரங்கு வையி."

வைத்தார். அறுபது ஸ்லைடுகள். நாற்பத்தேழாவதில் ஓர் ஓரமாக முனீஸ்வரியின் பெயரும் வந்தது. அதற்குள் பாதி அரங்கு சாப்பிடப் போயிருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வியாழன்தோறும் முனீஸ்வரிதான் வகுப்பெடுக்கிறாள். அன்று முதலில் வந்து முன்வரிசையில் நிற்கும் பெயர் கனகலட்சுமி.

நீங்கள் வாத்தியார் இல்லை, தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். நல்லது. உங்கள் அலுவலகத்திலோ சங்கத்திலோ வீட்டிலோ, நீங்கள் வர முடியாமல் போன நாளில் வேலை எப்படி நடந்தது என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். விசாரிக்க ஏதாவது செயலி இருக்குமா என்று உங்கள் விரல் தேடத் தொடங்கிவிட்டால், விசாரிக்கவே வேண்டாம்.