ஆடியில் சர்வரைத் தொட மறுத்த கதை

இச்சம்பவத்துக்கு முன்னர் மாரண்டஹள்ளியில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தக்காளி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். சங்க மண்டிக்குள் வண்டி நுழைய இணையதளத்தில் டோக்கன் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு என்னுடையது. கையால் எழுதிய சீட்டு செல்லாது என்ற தீர்மானத்தையும் நானே முன்மொழிந்தேன். (கைதட்டினார்கள். யார் யார் என்பதுகூட நினைவிருக்கிறது.)

இணையதளத்தைக் கவனித்துக்கொண்ட ஸ்டெல்லா, பென்னாகரத்துப் பெண், ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"சார், நம்ம சர்வர் சாப்ட்வேர்ல ஓட்டை இருக்குதுங்க. ஒருத்தன் பாதி கேட்டுட்டு மீதியக் கேக்காம நின்னா, அது அவனுக்காகவே காத்துட்டு நிக்குதுங்க. அப்படி நூறு பேர் நின்னா நம்ம ஆளுக யாரும் உள்ள போவ முடியாதுங்க. புதுசு வந்துருச்சு. பத்து நிமிஷம் நிறுத்துனா மாத்திரலாங்க."

"புதியதா? இது ஆடி மாதம் அம்மா. ஆடி போகட்டும்."

"சர்வருக்கு ஏதுங்க சார் ஆடி?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஒளிவிலகலை முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தவன், ஆவணி முதல் முகூர்த்தத்தை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தேன். அடுத்த மூன்று வாரங்கள் ஒன்றும் நேரவில்லை. என் முடிவு சரியென்றே எண்ணினேன்.

ஆடியின் கடைசி வாரத்தில் ஒரு காலை, மண்டி வாசலில் நாற்பது வண்டிகள் நின்றன. எல்லோர் கைப்பேசியிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்டெல்லா போனில் சொன்னாள்: "அதேதாங்க சார். எங்கிருந்தோ ஒரு புரோகிராம் பாதிப் பாதியாக் கேட்டுட்டு நிக்குதுங்க. இப்ப நானே உள்ள போவ முடியலீங்க, சரி பண்ண மத்தியானம் ஆயிருங்க."

மாதப்பன் முதல் வண்டியில் இருந்தான். என் பழைய மாணவன். "ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார், உள்ள வுட்டுருவாங்க."

"தீர்மானம் இருக்கிறது, மாதப்பா."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆவணி வரைக்கும் தக்காளி தாங்குமான்னு சாரைக் கேளுப்பா!" (ஸ்டெல்லா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். சொல்லத்தானே செய்வாள்.)

சிரித்தார்கள். வெயில் ஏறியதும் சிரிப்பு நின்றது. நான் பேனாவை எடுத்துச் சீட்டு எழுதத் தொடங்கியபோது, வெளியூர் வியாபாரிகள் பாலக்கோட்டு மண்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். பழுத்த காய் மறுநாளுக்கு நிற்காது. மாதப்பன் தன் பெட்டிகளைச் சாலையோரத்தில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். திட்டுவான் என்று அருகிலேயே நின்றேன். "வெயில்ல நிக்காதீங்க சார்" என்று மட்டும் சொன்னான். அதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பதவியில் இருப்பவனுக்குச் சால்வை போர்த்தினால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். அன்றே விலகல் கடிதம் கொடுத்தேன். புதிய செயலாளர் மாதப்பன்.

இப்போது வீட்டில் இரண்டாவது காபி கேட்டால், "ஆடி போவட்டுங்க" என்கிறாள் என் மனைவி. மார்கழியிலும் அதையே சொல்கிறாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கிறார்கள்.

ஆடி முதல் தேதியிலிருந்தே நான் அந்த வேலையைத் தள்ளிப்போட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. ஸ்டெல்லா என்னிடம் வந்தது ஆடி மூன்றாம் தேதி.