வரது மாமா வேஷ்டியில ஒட்டகம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, ஒரு வெள்ளைத் துணி வாங்கிட்டு வர்றது.

அவ்வளவுதான். ப்ரொஜெக்டர் ஆரோக்கியராஜ் பொறுப்பு. ஸ்பீக்கர் அவன். படம் அவன். மொட்டை மாடியைக் கூட்டிப் பாய் விரிக்கறதும் அவன். "நீ துணி மட்டும் கொண்டு வாடா, போதும்"னான். என்னைச் சின்ன வயசுலேருந்து தெரிஞ்சவன். அதனாலதான் அதோட நிறுத்திக்கிட்டான்.

ஆரோக்கியராஜ் எங்க எதிர் வீடு. பாலக்கரையில ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்சு. ஸ்ரீரங்கத்துல வீடு வாங்குறப்பவும் ஒரே அப்பார்ட்மெண்ட்ல எதிரும் புதிருமா வாங்கினோம். அவன் வீட்டுல குக்கர் விசில் அடிச்சா என் பொண்டாட்டி எழுந்து போய் எங்க அடுப்பை அணைப்பா. அவ்வளவு நெருக்கம்.

எனக்கு ஒரு பொண்ணு, நிலா. அவனுக்கு ஒரு பொண்ணு, ஜெனி. ரெண்டும் மூணாங்கிளாஸ். நகமும் சதையுமாத் திரிஞ்ச பிள்ளைங்க.

பிரச்சனை என்னன்னா, ஜெனி அவ பர்த்டே அன்னைக்கு முதல் கேக் துண்டை நிலாவுக்கு ஊட்டலை. கீழ் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணுக்கு ஊட்டிட்டா.

முடிஞ்சுது!

ஒரே ஆட்டோலதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. ஒண்ணு இந்தப் பக்கம் பாக்குது, இன்னொண்ணு அந்தப் பக்கம் பாக்குது. பேச்சு வார்த்தை இல்லை. நிலா வீட்டுக்கு வந்ததும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறா. "சத்தம் போடாத, சத்தம் போடாத"ன்னு தினம் கத்தறவன் நான். இப்போ வீடு அமைதியா இருக்கறது எனக்கே தாங்கலை. உண்மையிலேயே மனசு கஷ்டமா இருந்துச்சு.

ஆரோக்கியராஜுக்கும் அதே கஷ்டம். படிக்கட்டுல நின்னு ரெண்டு பேரும் பேசினோம்.

"டேய், நாம அஞ்சாவது படிக்கிறப்ப சண்டை போட்டோமே, எப்படிடா சேர்ந்தோம்?"னு கேட்டேன்.

"ஸ்கூல்ல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்கடா. ஒட்டகம் தவளை படம்."

அட! அதேதான்!

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தமிழ்ல டப் பண்ணி வந்த பழைய கார்ட்டூன் படம். கூட்டத்தை விட்டுத் தொலைஞ்சு போன ஒரு ஒட்டகம். குளம் வத்திப் போன ஒரு தவளை. தவளைக்குத் தண்ணி எந்தத் திசைன்னு தெரியும், ஆனா வெயில்ல அவ்வளவு தூரம் போக முடியாது. ஒட்டகம் எவ்வளவு தூரமும் நடக்கும், ஆனா வழி தெரியாது. அதனால தவளை ஒட்டகத்தோட திமில்ல ஏறி உக்காந்துக்கிட்டு வழி சொல்லிட்டே வரும். கடைசியில ஒரு பள்ளத்துல கொஞ்சமே கொஞ்சம் தண்ணி இருக்கும். "நான் குடிச்சிட்டேன், நீ குடி"ன்னு ஒட்டகம் பொய் சொல்லும். "நானும் குடிச்சிட்டேனே"ன்னு தவளையும் பொய் சொல்லும். ரெண்டும் குடிக்காம தண்ணியைப் பாத்துட்டே உக்காந்திருக்கும்.

அந்த இடத்துல தியேட்டரே அழுதுச்சு. பிள்ளைங்க ஒருத்தரையொருத்தர் தள்ளிக்கக் கூடாதுன்னு குச்சியோட வந்த பி.டி. வாத்தியாரும் மூக்கைச் சிந்தினார். நானும் ஆரோக்கியராஜும் தோள்ல கை போட்டுட்டு வெளிய வந்தோம்.

"அதைப் போட்டுக் காட்டுவோம்டா"ன்னேன். அவங்க அண்ணன்கிட்ட டிவிடி பத்திரமா இருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடி, அப்பார்ட்மெண்ட் பிள்ளைங்க எல்லாரும்னு முடிவாச்சு.

எனக்குத் துணி.

மத்தியானம் சாப்பிட்டு மலைக்கோட்டைக்குக் கீழ இருக்கற ஜவுளிக்கடைத் தெருவுக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். நடக்க வேண்டியதே இல்லை, பின்னாடி வர்றவங்க தள்ளிட்டே கொண்டு போய் விட்டுடுவாங்க. அப்படி ஒரு கடைக்குள்ள தள்ளப்பட்டேன்.

"வெள்ளைத் துணி வேணுங்க. தையல் இல்லாம, ஒரே துண்டா."

கல்லாவுல இருந்தவர் சட்டுனு எழுந்து நின்னார். டிவியை ஆஃப் பண்ணச் சொன்னார். "உக்காருங்க சார்"னு ஸ்டூல் போட்டார். தண்ணி வந்துச்சு.

என்ன ஒரு கவனிப்பு! ஜவுளிக்கடைன்னா இப்படி இருக்கணும்!

"எவ்வளவு நீளம் சார்?"

"பத்தடி இருந்தா நல்லதுங்க."

"பத்தடியா?" அவர் கொஞ்சம் யோசிச்சார். "சரிங்க சார், கொஞ்சம் கூடவே இருக்கட்டும். வயசானவங்களா?"

"இல்லைங்க, எல்லாம் சின்னப் பிள்ளைங்க."

அவர் நெஞ்சுல கை வச்சுக்கிட்டார். துணி கிழிச்சிட்டிருந்த பையன் அப்படியே நின்னுட்டான். "பூமாலைக்கு நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், போன் போடட்டுங்களா?"ன்னு மெதுவாக் கேட்டார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. தைக்காத வெள்ளைத் துணியை அவசரமா ஒரே துண்டா நம்ம ஊர்ல வேற எதுக்கு வாங்குவாங்க!

"ஐயோ, சினிமா போடறதுக்குங்க! சினிமா!"ன்னு கத்தினேன். கடையே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் அந்தத் துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரலை. குழந்தை இருக்கற வீடு. போட்டது போட்டபடி வெளிய வந்து, இன்னொரு கடைக்குப் போகவும் தைரியம் இல்லாம, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறிட்டேன்.

காவிரிப் பாலம் வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. வீட்டுல பெட்ஷீட் இருக்கும்னு நினைச்சேன்.

வீட்டுல பெட்ஷீட் இருந்துச்சு. எல்லாத்துலயும் ரோஜாப்பூ. ஒண்ணுல மட்டும் மயில்.

மாடிக்குப் போனேன். பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு. பாயோட இந்த ஓரத்துல நிலா, அந்த ஓரத்துல ஜெனி. நடுவுல மத்த பிள்ளைங்க. இருட்ட ஆரம்பிச்சிடுச்சு. ஆரோக்கியராஜ் ஒரு கையில வயரும் ஒரு கையில முட்டை பப்ஸுமா நின்னுட்டிருந்தான்.

"துணி எங்கடா?"

"அது வந்து..."

"ஒரு வேலைடா! உனக்கு ஒரே ஒரு வேலை!"

அப்பதான் தலைக்கு மேல பாத்தேன். மாடி ஓரத்துல, கைக்கு எட்டாத உசரத்துல, ஒரு மூங்கில் கழியில அகலமா ஒரு வெள்ளை வேஷ்டி காஞ்சிட்டிருந்துச்சு. பத்து முழம் இருக்கற பத்தாறு வேஷ்டி. பளிச்சுனு இருந்துச்சு. முதல் மாடி வரது மாமாவோடது.

வரது மாமா ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர். நல்ல மனுஷன், கேட்டா குடுப்பார்னு தெரியும். படம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு ஒரு ஒட்டடைக் குச்சியால தள்ளிக் கீழ இறக்கினேன். ஒரு முனையை நான் பிடிச்சேன். இன்னொரு முனையைப் பப்ஸ் தின்ன கையோட ஆரோக்கியராஜ் பிடிச்சான். ரெண்டு குழாய்க்கு நடுவுல இழுத்துக் கட்டினோம். தியேட்டர் ஸ்கிரீன் தோத்துது போங்க!

படம் ஆரம்பிச்சுது. டைட்டில் பாட்டு ஓடிட்டிருக்கறப்ப என் மனைவி வசந்தி பாப்கார்ன் எடுத்துட்டு வந்தா. ஸ்கிரீனைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா.

"ஏங்க, அது எங்கேருந்து எடுத்தீங்க?"

"கொடியிலேருந்து."

"எந்தக் கொடி?"

"அதோ, மேல அந்த மூங்கில்."

வசந்தி ஸ்ரீரங்கத்துலயே பொறந்து வளந்தவ. "அது மாமாவோட மடி வேஷ்டிங்க! அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது! குளிச்சிட்டு அவரே நனைச்சுக் குச்சியால உசரத்துல காயப் போட்டிருப்பார். காலைல குளிச்சிட்டு அவரே எடுத்துக் கட்டிக்கிட்டுத்தான் பூஜையில உக்காருவார்!"

மூணு வருஷமா அந்த வேஷ்டியை அந்த உசரத்துல தினம் பாக்கறேன். நல்லாக் காத்து வரும்னு மேல போடறார்னு நினைச்சுட்டிருந்தேன்.

"நான் முட்டை பப்ஸ் சாப்பிட்டேனேடா"ன்னான் ஆரோக்கியராஜ், இருட்டுல.

அதுக்குள்ள படிக்கட்டுல செருப்புச் சத்தம். வரது மாமா!

மாமா முதல்ல மூங்கிலைப் பாத்தார். காலியா இருந்துச்சு. அப்புறம் திரும்பினார்.

"என்னப்பா இது! என் வேஷ்டி மேல ஒட்டகம் போறது!"

பிள்ளைங்க எல்லாம் மாமா பக்கம் திரும்புச்சுங்க. வேஷ்டிக் கரை போட்ட ஆகாசத்துக்குக் கீழ ஒட்டகம் மட்டும் தன் பாட்டுக்கு நடந்துட்டிருந்துச்சு. நான் போய் நின்னேன்.

"மன்னிச்சுக்கங்க மாமா. தெரியாமப் பண்ணிட்டேன். இப்பவே நனைச்சுக் காயப் போட்டுடறேன்."

"நீ நனைச்சா அது மடியாகுமா?"

நியாயமான கேள்வி.

"கார்த்தால பெருமாள் திருவாராதனத்துக்கு நான் எதைக் கட்டிக்கறது? இன்னொண்ணு ஈரமா..." மாமா பாதியிலயே நிறுத்திட்டார். கண்ணு ஸ்கிரீன்ல இருந்துச்சு. "இது அந்தத் தவளை படம்தானே?"

"ஆமாம் மாமா."

"எங்காத்துக் குழந்தைகளை நான்தான் கூட்டிண்டு போனேன். எத்தனை தரம் போனேன்னு கணக்கே இல்லை. அதுகள் தூங்கிடும், நான் பார்ப்பேன்." மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, வேஷ்டியை அப்புறம் நானே நனைச்சுக்கறேன். ஒக்காரு, மறைக்காதே. இப்போ மணல் புயல் வரப்போறது பாரு."

வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த எல்லாத்தையும் மாமா அது வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். வில்லன் நரி எந்தப் பாறைக்குப் பின்னாடி இருக்குதுங்கறது உட்பட. பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டே பாத்துச்சுங்க.

தண்ணிப் பள்ளம் சீன் வந்துச்சு. "நான் குடிச்சிட்டேன், நீ குடி." நான் மூக்கை உறிஞ்சினேன். பக்கத்துல ஆரோக்கியராஜ் சட்டைக் காலரால கண்ணைத் துடைச்சான். மாமா மேல்துண்டை முகத்துல போட்டுக்கிட்டார். எத்தனை வருஷம் ஆனா என்ன, அந்தப் பள்ளத்துல தண்ணி கூடவும் இல்லை, எங்க கண்ணுல குறையவும் இல்லை.

முடிஞ்சு லைட் போட்டோம். மாமா எங்க ரெண்டு பேரையும் பாத்து ரொம்ப அன்பாச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் இந்த ஒட்டகமும் தவளையும் மாதிரியே இருக்கேள்."

நான் நெகிழ்ந்துட்டேன். "ஆமாம் மாமா. ஒட்டகம் மாதிரிதான் நானும் இவனை..."

"யாரு ஒட்டகம்?"னான் ஆரோக்கியராஜ்.

"நான்தான்டா."

"நீயா? டேய், காலேஜ் முழுக்க என் பைக்ல பின்னாடி உக்காந்து வந்தவன் நீ. யார் யாரைச் சுமந்தா? மேல உக்காந்து வர்றவன்தான் தவளை!"

"ஏன், பின்னாடி உக்காந்து வழி சொன்னது யாரு? நான் இல்லேன்னா நீ சமயபுரம் போறேன்னு லால்குடி போறவன்!"

"பாத்தியா! வழி சொல்றது தவளைதானே! நீயே ஒத்துக்கிட்ட!"

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "உன் கல்யாணத்துல சாம்பார் வாளி தூக்கினது யாருடா?"

"ஒரே பந்தி! பாதி சாம்பார் எங்க மாமனார் சட்டையில! அந்த ஒட்டகம் தண்ணியையே விட்டுக் குடுத்துச்சு. நீ எனக்கு என்னைக்காவது கடைசி வடையை விட்டிருக்கியா?"

"எத்தனை வடை விட்டிருக்கேன்!"

"ஊசிப் போனதை விட்டிருப்ப!"

மாமா எழுந்துட்டார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ப்பா..."

யார் கேக்கறா? ஆரோக்கியராஜ் மனைவி ஸ்டெல்லா வசந்திகிட்ட சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு: "ஒட்டகமே கிடையாது வசந்தி. ரெண்டும் தவளைதான், கத்தறதைப் பாரு."

அந்தக் கத்தலுக்கு நடுவுல பாய்ப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம்.

"நிலா, உங்கப்பா அழுதாரு, நான் பாத்தேன்"னு சொல்றா ஜெனி.

"உங்கப்பா காலர்லயே மூக்கைத் துடைச்சாரு"ங்கறா நிலா.

ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. கேக்கும் இல்லை, கோவமும் இல்லை. படம் பாத்துச் சேரலை, எங்களைப் பாத்துச் சேர்ந்திருக்குங்க. இருந்தாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஆரோக்கியராஜ்கிட்ட திரும்பி, "பாத்தியாடா!"ன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவனும் திறந்தான்.

அப்புறம்தான் சண்டை போட்டிருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பேரும் மூடிக்கிட்டோம்.

இன்னைக்கு வியாழக்கிழமை. இன்னும் பேசலை. காலைல ஒரே நேரத்துல கதவைத் திறக்கறோம். அவன் இந்தப் பக்கம் பாக்கறான், நான் அந்தப் பக்கம் பாக்கறேன். நிலாவும் ஜெனியும் கையைக் கோத்துக்கிட்டு எங்களுக்கு நடுவுல பூந்து ஆட்டோவுக்கு ஓடுதுங்க.

நேத்து ரெண்டும் சேர்ந்து வந்து விஷயத்தைச் சொல்லிடுச்சுங்க. ஞாயித்துக்கிழமை மாடியில மறுபடியும் அதே படமாம். அப்பாங்க ரெண்டு பேருக்காகவாம். பக்கத்துப் பக்கத்துல உக்காரணுமாம், பாதியில எழுந்து போகக் கூடாதாம்.

வர்றேன்னு சொல்லிட்டேன். ஆனா ஒட்டகம் நான்தான்.